சிவப்பணு பெருத்திருந்தால் மருந்துப் பையைத் திறக்கச் சொல்லுங்கள்

கோத்தகிரியில் நான் பார்க்கும் இரத்தப் பரிசோதனைத் தாள்களில் பெரும்பாலோர் ஹீமோகுளோபினோடு நின்றுவிடுகிறார்கள். அதற்குச் சற்றுக் கீழே, சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 100 ஃபெம்டோலிட்டரைத் தாண்டியிருந்தால், வைட்டமின் பி12 குறைந்தாலும் சிவப்பணு பெருக்கும் என்பதால், உடனே பி12 ஊசி எழுதிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. ஊசிக்கு முன் நோயாளியிடம் பொறுமையாகப் பேசியாக வேண்டும் என்பது என் கருத்து.

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "சுகர் மாத்திரை மட்டும்தான் டாக்டர்" என்பார்கள். பையை மேசையில் கொட்டச் சொன்னால், மெட்ஃபார்மினோடு, யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்து இன்றுவரை நிறுத்தப்படாத, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் அட்டையும் வந்து விழும். இரண்டுமே ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் பி12 உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடியவை.

நீலகிரியில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அவசியம் உண்டு. இங்குள்ள பழங்குடியினரிடம், சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயின் மரபணு இருப்பது 1952-லேயே பதிவாகியிருக்கிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்திலிருந்து வருபவர் அந்நோய்க்காக ஹைட்ராக்ஸியூரியா எடுத்துக்கொண்டிருந்தால், எம்.சி.வி. உயர்வது எதிர்பார்த்ததே, மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார் என்பதற்கு அதுவே ஓர் அடையாளம். இதைக் கேட்டறியாமல் சோதனைகளை அடுக்கினால், அவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும்தான் நட்டம்.

குடிப்பீர்களா என்ற கேள்விக்கு, "குளிருக்கு எப்பவாவது" என்பதே பதில். வாரத்தில் எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை குவார்ட்டர் என்று குரலில் கண்டிப்பில்லாமல் கேட்க வேண்டும். விட்டுவிட்டேன் என்பவரிடம் எப்போது என்றும் கேட்க வேண்டும், ஏனெனில் விட்ட பிறகும் சில மாதங்கள் வரை அணுக்கள் பெருத்தே இருக்கும். தைராய்டுக் குறைவும் இதே படத்தைக் காட்டும். ஆனால் அதன் அறிகுறியான ‘குளிர் தாங்கவில்லை’ என்பதைச் சொல்லாதவர் இந்த மலையில் யார்?

சாப்பாட்டைப் பற்றிச் சைவமா என்று மட்டும் கேட்டால் போதாது, பாலும் முட்டையும் எவ்வளவு என்று தெரிய வேண்டும். உடலில் பி12 இருப்பு சில ஆண்டுகள் தாங்கும், குறைந்தால் அதேபோல் அணுக்களைப் பெருக்க வைக்கும் இன்னொரு வைட்டமினான ஃபோலேட் சில மாதங்களில் தீர்ந்துவிடும் என்பதால், விசாரிக்கும் காலமும் அதற்கேற்ப நீள வேண்டும்.

நான் ஒருபோதும் விடாத கேள்வி, இருட்டிய பின் தேயிலைத் தோட்டத்துச் சரிவில் இறங்கும்போது கால் தடுமாறுகிறதா என்பது. பி12 குறைவால் தண்டுவடம் பழுதானவர்களுக்கு, கண்ணின் துணையில்லாத இருட்டில்தான் தள்ளாட்டம் கூடும். ஆம் என்றால், ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுக்கக் கூடாது. அது இரத்தத்தைச் சரிசெய்துவிட, நரம்பின் சேதம் மறைவில் தொடரும்.