மாசம் பொறந்தா வருகிற கிறுக்கு

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு மளிகை மொத்தக் கடைக்கு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தளச் செயலியில் விற்பனைக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து, அதை நானே பராமரித்தும் வருகிறேன். 2019 தொடக்கத்தில் அதில் அன்றாட விற்பனைத் திரை ஒன்றைச் சேர்த்தேன். சில நாட்களில் தொகை பூஜ்யம் என்று வருவதாகக் கடைக்காரர் இரண்டு முறை அழைத்தார்; இரண்டு முறையும் நான் 20ஆம் தேதிக்கு மேல்தான் போக முடிந்தது, இரண்டு முறையும் தொகை சரியாகவே இருந்தது. “மாசம் பொறந்தா கொஞ்ச நாளைக்கு இதுக்குக் கிறுக்குப் பிடிச்சுக்கிடுது தம்பி” என்றார் மூன்றாம் முறை. அதைவிடத் துல்லியமான பிழை விவரத்தை எந்தப் பயனரும் எனக்குத் தந்ததில்லை. அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

மார்ச் 5ஆம் தேதி நேரில் போனேன். நிரல் எளிமையானது: தேதியை ஒட்டி வினவல் சரத்தை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியின் எழுத்து வடிவம்) அமைத்து, விடையாக வரும் பதிவுகளின் தொகுப்பான ரெக்கார்ட்செட்டைத் திறந்து, முதல் பதிவுக்குப் போய், ஒவ்வொரு பில்லாகக் கூட்டுவது. அதன் தலையில், பிழை வந்தாலும் நிற்காமல் அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் ‘ஆன் எரர் ரெசியூம் நெக்ஸ்ட்’ என்ற வரியை ஏதோ அவசரத்தில் நானே எழுதி வைத்திருந்தேன். அதை நீக்கியதுமே பிழை எண் 3021, அதாவது நடப்புப் பதிவு இல்லை என்ற செய்தி வந்தது. காலையிலிருந்து பில் போட்டுக்கொண்டிருக்கும் கடையில் ரெக்கார்ட்செட் காலியாக இருந்தது.

வினவல் சரத்தை ‘டீபக் பிரின்ட்’ என்ற கட்டளை மூலம், நிரல் எழுதும் திரையிலுள்ள இமீடியட் ஜன்னலில் அச்சிட்டுப் பார்த்தபோது, இரண்டு # குறிகளுக்கு நடுவே 05-03-2019 என்று, நம் கண்ணுக்குக் குற்றமே தெரியாதபடி இருந்தது. பிறகு அதே வினவலை வடிவமைப்புக் கட்டத்தில் கையால் அமைத்து, அதே தேதியைத் தட்டச்சிட்டு, அதை எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழியில் காட்டும் பார்வைக்கு மாற்றினேன். அங்கே அது 3/5/2019 ஆகியிருந்தது. கட்டம் விண்டோஸின் வட்டார அமைப்பை மதிக்கிறது. எஸ்க்யூஎல் சரத்தில் # குறிக்குள் இருக்கும் தேதியையோ தரவுத்தள எஞ்சின் அமெரிக்க முறைப்படி மாதத்தை முதலில் வைத்தே படிக்கிறது. ஆகவே மார்ச் 5ஐக் கேட்ட நான் உண்மையில் மே 3இன் விற்பனையைக் கேட்டிருந்தேன். 13ஆம் தேதி முதல் சிக்கல் மறைந்துவிடுகிறது, ஏனெனில் 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால், எஞ்சின் பிழை எதுவும் சொல்லாமல் அதை நாளாக எடுத்துக்கொள்கிறது. இந்தப் பெருந்தன்மைக்குப் பதிலாக அது ஒரு பிழைச் செய்தியைக் காட்டியிருந்தால் எனக்கு இரண்டு பயணம் மிச்சமாகியிருக்கும். மார்ச் 3ஆம் தேதி மட்டும் கணக்கு ஏன் சரியாக வந்தது என்று கடைக்காரர் கேட்டதற்கும் அப்போதுதான் விடை கிடைத்தது.

தேதியைச் சரத்தில் ஒட்டுவதையே விட்டுவிட எண்ணி, படிவத்திலுள்ள தேதிப் பெட்டியை நேரே சுட்டும் வினவலாக அதைச் சேமித்தேன். இருமுறை சொடுக்கினால் திறந்தது; நிரலிலிருந்து திறந்தால், அளவுருக்கள் (வினவலுக்கு வெளியிலிருந்து தரவேண்டிய மதிப்புகள்) போதவில்லை என்று பிழை எண் 3061 வந்தது. படிவத்தைப் பார்த்து மதிப்பை எடுத்துத் தருவது ஆக்சஸின் வேலை; நிரலிலிருந்து எஞ்சினை நேரே அணுகும் டிஏஓ வழியாகப் போகும்போது எஞ்சினுக்குப் படிவம் என்ற ஒன்றே தெரியாது, அந்தப் பெயரை மதிப்புத் தரப்படாத அளவுருவாகவே அது கருதுகிறது. எனவே வினவலில் அளவுருவைத் தேதி வகையாக அறிவித்து, சேமித்த வினவலை நிரலில் குறிக்கும் க்வெரிடெஃப் வழியாக மதிப்பை நிரலிலேயே கொடுத்தேன். மதிப்பு சரமாக மாறாமல் தேதியாகவே போவதால் நாள், மாதக் குழப்பத்துக்கு அங்கே இடமில்லை.

அதே திரையில் பில் எண்ணிக்கை எப்போதும் 1 என்றே வந்தது தனிக் கதை. டைனாசெட், ஸ்னாப்ஷாட் என்ற ரெக்கார்ட்செட் வகைகளில், பதிவுகளின் எண்ணிக்கையைத் தரும் ரெக்கார்ட்கவுன்ட் அதுவரை தொட்ட பதிவுகளை மட்டுமே சொல்லும். காலியா என்று பார்த்துவிட்டுக் கடைசிப் பதிவுக்குப் போய் வந்த பிறகே முழு எண்ணிக்கை கிடைத்தது.

ஒரு மதிப்பைத் தேடித் தரும் டிலுக்கப், கூட்டித் தரும் டிசம் ஆகிய ஆக்சஸ் சார்புகளின் நிபந்தனைகளில் தேதியை ஒட்டியிருந்த மூன்று இடங்கள் மிஞ்சின. அங்கே அளவுரு வைக்க வழியில்லாததால், ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஃபார்மேட் செய்து ஒட்டினேன். ஏப்ரல் 2ஆம் தேதி கடைக்குப் போய், பில் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.