பாப் இல்லை, ராபர்ட்டோ

சிகாகோவிலிருந்து புளூ லைன் ரயிலில் ஓஹேர் விமான நிலையம் போகும்போது அதற்கு முந்தின நிறுத்தம் ரோஸ்மான்ட். 2023 ஜூலைக் கடைசியில் நான் அங்கே இறங்கியபோது, பாதிப் பெட்டியே என்னோடு இறங்கியது. தலையில் ஏதாவது ஒரு அணியின் தொப்பி, கையில் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டி. எல்லோரும் நேஷனலுக்குத்தான். 1980-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய சந்தை அது; விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளை வாங்கவும் விற்கவும் கூடுகிற இடம்.

உள்ளே போனதும் கண்ணாடிப் பெட்டிகள். டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட பேஸ்பால் வீரர் மிக்கி மான்டிலின் அட்டையைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள். அதே அட்டை ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. 1952-இல் விற்காமல் தேங்கிய அட்டைகளை 1960-இல் படகில் ஏற்றிக் கடலில் கொட்டினோம் என்று டாப்ஸின் சை பெர்கர் சொன்ன கதையை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வயிற்றெரிச்சலோடு.

எனக்கு அந்தப் பக்கம் வேலையில்லை. நான் 1957 டாப்ஸ் வரிசையைச் சேர்க்கிறவன். மொத்தம் 407 அட்டைகள். இன்றைக்கும் நிலைத்திருக்கும் இரண்டரைக்கு மூன்றரை அங்குல அளவை டாப்ஸ் அந்த வருடம்தான் கொண்டுவந்தது. மடிப்பு விழுந்ததோ முனை மழுங்கியதோ, எனக்கு எல்லாம் ஒன்றுதான். வெட்டியது மட்டும் ஆகாது. முன்பு ஒருவர் ஓரத்தைச் சீவிக் கூர்மையாக்கிய அட்டையை என் தலையில் கட்டிவிட்டார். அதிலிருந்து அதே வருடத்துச் சாதா அட்டை ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். சந்தேகம் வந்தால் மேலே வைத்துப் பார்த்தால் போதும், ஒரு மயிரிழை குறைந்தாலும் தெரிந்துவிடும்.

மாலையில் கடைக்காரர்கள் இல்லாத ஒரு மூலையில், ஆல்பத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். பிட்ஸ்பர்க் தொப்பி. புரட்டப் புரட்ட, 76-ஆம் எண்: பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர் கிளமென்ட்டே. இடது மேல்முனையில் குண்டூசி குத்திய ஓட்டை. எந்தப் பையன் எந்தச் சுவரில் குத்தி வைத்தானோ.

பேரம் தொடங்கியது. இருவரும் கைபேசியில் சமீபத்திய விற்பனை விலைகளைப் பார்த்துக்கொண்டோம். நான் இன்னொரு பேஸ்பால் வீரரான சாண்டி கூஃபாக்ஸின் 1964 அட்டையை நீட்டினேன். உதட்டைப் பிதுக்கினார். மேலே நாற்பது டாலர் வைத்தேன். "ஓட்டைக்கு இருபது கழித்துக்கொள்" என்று அவரே ஒரு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் அட்டையைத் திருப்பி முன்பக்கத்தைக் காட்டினார். 'பாப் கிளமென்ட்டே' என்று அச்சிட்டிருந்தது. போர்ட்டோ ரிக்கோக்காரரான ராபர்ட்டோவை டாப்ஸ் 1957-இலிருந்து 1969 வரை 'பாப்' என்றே போட்டது. அவருக்கு அது பிடிக்காது. சரியாக 3,000 ஹிட் (பந்தை அடித்துவிட்டு ஓடி முதல் தளத்தையாவது எட்டுவது) அடித்து முடித்த அதே 1972-இன் கடைசி நாளில், நிகராகுவா நிலநடுக்கத்தில் தவித்தவர்களுக்கு உதவிப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தார். "என் அப்பா ஒரு தடவைகூட பாப் என்று சொன்னதில்லை" என்றார் பெரியவர்.

கை குலுக்கும்போது பெயர் கேட்டார். பழக்கதோஷத்தில் "சுப்" என்றேன், அலுவலகத்தில் சொல்வதுபோல.

"முழுப் பெயர்?"

"சுப்பிரமணியன்."

மூன்று தடவை முயன்றார். மூன்றாவது ஏறக்குறைய சரியாகவே வந்தது. உடனே, "சரி, 57 மான்டில் இருக்கிறது, பார்க்கிறாயா?" என்று ஆல்பத்தை மறுபடி திறந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலைப் பார்த்து நடையைக் கட்டினேன்.