ஹேர்மிஸின் கப்டன்

நேற்று ஏப்ரல் 9. வேலை முடிந்து வெள்ளவத்தைக்கு வரும் வழியில் விகாரமகாதேவி பூங்காப் பக்கம் இறங்கி, பொது நூலகத்துக்கு அருகில் நிற்கும் போர் நினைவுத்தூணடியில் கொஞ்ச நேரம் இருந்தேன். முதலில் காலிமுகத்திடலில் இருந்த தூண் அது. யப்பான்காரருக்கு அடையாளமாகிவிடும் என்று இரண்டாம் உலக யுத்த காலத்தில் கழற்றி இங்கே கொண்டுவந்தார்கள். நான் நினைத்துப் போன மனிதருக்கும் அந்தத் தூணுக்கும் தொடர்பில்லை. ஆனால் கொழும்பில் அவரை நினைத்துக்கொண்டு உட்கார எனக்கு வேறு இடம் தெரியவில்லை.

அவர் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ, பிரித்தானியக் கடற்படையின் ஹேர்மிஸ் கப்பலுக்குக் கப்டன். விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. அடுத்தது திருகோணமலைதான் என்று தெரிந்ததும் 8ஆம் திகதி இரவோடிரவாக ஹேர்மிஸ் அங்கிருந்து புறப்பட்டுத் தெற்கே போனது. விடிந்ததும் யப்பான் விமானமொன்று கண்டுவிட்டது. திரும்பி வரும்போது மட்டக்களப்புக்கு நேரே வைத்து அடித்து மூழ்கடித்தார்கள். விமானந்தாங்கிக் கப்பலில் அன்று ஒரு விமானம்கூட இல்லை! உதவிக்குக் கேட்ட விமானங்களும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. 307 பேர் இறந்தார்கள். அவர்களில் கப்டனும் ஒருவர்.

எனக்கு ஊர் மட்டக்களப்புக் கல்லடி. சின்ன வயதில் கடற்கரையில் நின்றால் மாமா கையை நீட்டி, "அந்தா, அங்கதான் கிடக்கு" என்பார். கரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீற்றர், 50 மீற்றருக்கும் கூடிய ஆழம். வெறும் தண்ணீர்தான் தெரியும், ஆனாலும் கண் அந்த இடத்தைத் தேடும்.

கப்டனைப் பற்றி எனக்குச் சொன்னவர் அம்மப்பா. அப்போது அவருக்கு 22 வயது. கொழும்புத் துறைமுகத்தில் சாமான் கணக்கெழுதும் வேலை. அந்த வழியே வந்த வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் தண்ணீரில் கிடந்தவர்களைத் தூக்கி, கொழும்புக்குக் கொண்டுவந்தது. உடம்பெல்லாம் எண்ணெய்க் கறையோடு அவர்கள் இறங்கியதை அம்மப்பா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். தன் ஊர்க் கடலில் நடந்தது என்று கேள்விப்பட்டதும் அவருக்கு மனம் பொறுக்கவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையை ஒரு பொடியனிடம் கொடுத்து, தெரிந்த ஆங்கிலத்தில், "உங்கள் கப்டன் எங்கே?" என்று கேட்டாராம். அவன் பேசவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டினான்.

இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மப்பாவும் அதோடு நிறுத்திவிடுவார். சாகும்வரை அவர் அந்தக் கடலில் குளித்ததில்லை. "ஆக்கள் கிடக்கிற இடம் மகன்" என்பார். எங்கள் வீட்டில் யாரும் அதை எதிர்த்துப் பேசியதில்லை.

கல்லறையில்லாத கடற்படையினரின் பெயர்களை இங்கிலாந்தில் துறைமுக நகரங்களின் நினைவுத்தூண்களில் பொறித்து வைத்திருக்கிறார்கள். நான் அங்கே போனதில்லை. நேற்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இன்றைக்கு ஏப்ரல் 9" என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாமியறையில் அம்மப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்த விளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு விளக்கையும் ஏற்றினார்.