வலது ஆள்காட்டி விரல்

12.06.2024, புதன்

வழக்கமாகக் குறுவைக்குத் தண்ணீர் விடும் நாள் இன்று. மேட்டூர் அணை திறக்கவில்லை. திறக்க மாட்டார்கள் என்று ஊருக்கே தெரியும், அணையில் பாதிகூடத் தண்ணீர் இல்லை. ஆனாலும் அப்பா விடிந்ததிலிருந்து ரேடியோவையே கை காட்டிக்கொண்டிருந்தார். இடது கைதான், பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை வரவில்லை. செய்தி முடிந்ததும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா காலண்டரில் இன்றைய தாளைக் கிழிக்கவே இல்லை.

14.06.2024

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். பகலில் தம்பி இருக்கிறான், இரவு என் முறை. அலாரம் வைத்தால் அம்மா எழுந்துவிடுகிறாள், அவள் தூங்கியே பல நாள் ஆகிறது.

தம்பி பையன் என் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். ஒரு ஆள், ஒரு குடிசை. திரையைத் தட்டினால் காசு விழும். தட்டாவிட்டாலும் அவன் பாட்டுக்கு வேலை பார்த்துச் சம்பாதிப்பான். படிக்க வைக்கலாம், கடை வைத்துக் கொடுக்கலாம், வீட்டைப் பெரிதாக்கலாம், வயது ஏறிக்கொண்டே போகும். போனை மூடி வைத்தாலும் காசு சேரும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சேராது. பெட்டி நிரம்பிவிடும், வந்து எடுத்தால்தான் மறுபடி ஓடும்.

இரண்டு மணி நேரம். இதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

15.06.2024

பத்துக்குக் காசு எடுத்தேன், புரட்டினேன். பன்னிரண்டு. இரண்டு. நான்கு. ஒரு தடவைகூடத் தவறவில்லை.

19.06.2024

முதுகில் சிவப்பு இல்லை.

23.06.2024, ஞாயிறு

தூக்கம் வராததால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடையில் ஒவ்வொரு பொருள் வாங்கும்போதும் அடுத்ததன் விலை கொஞ்சம் ஏறுகிறது. பத்துத் தடவை வாங்கினால் விலை நான்கு மடங்கு. இருபது தடவை வாங்கினால் பதினாறு மடங்கு. அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் சுமார் 15 சதவீதம். பையனிடம் சொன்னேன். அவன் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. குக்கி கிளிக்கர் என்று 2013-ல் வந்த விளையாட்டிலும் இதே 15 சதவீதம்தானாம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறதோ.

அப்பாவின் கணக்கு நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன். உழவு, நாற்றுப் பறி, நடவு, களை, உரம், அறுப்பு மிஷின். அவர் கையெழுத்து சின்னதாக, நேராக, ஒரு அடித்தல்கூட இல்லாமல் இருக்கிறது. செலவுப் பக்கம் வருஷா வருஷம் ஏறுகிறது, விளையாட்டில் ஏறுவது போலவே. ஆனால் விளையாட்டில் விலை ஏற ஏற அந்த ஆளின் சம்பாத்தியமும் கூட ஏறும். நோட்டில் வரவுப் பக்கம் ஒரே வரிதான். கடைசியாகப் போட்ட நெல்லுக்கு, சன்ன ரகம், குவிண்டால் 2,310 ரூபாய். அதற்கு மேலே குறுவை என்று எழுதிக் கோடு மட்டும் போட்டிருக்கிறார். போன வருஷம் ஜூன் 12-ல் சரியாகத்தான் திறந்தார்கள். பயிர் வளர்ந்த பிறகு தண்ணீர் போதாமல் கருகியது. அந்தக் கோட்டை மட்டும் இரண்டு தடவை அழுத்திப் போட்டிருக்கிறார்.

நோட்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். அவர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

28.06.2024

இன்று எதுவும் எழுதப் பிடிக்கவில்லை.

03.07.2024

பிசியோ தம்பி வந்தார். தோள் பரவாயில்லை, விரல்தான் வரவில்லை என்றார். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமாம், நூறு தடவை, இருநூறு தடவை. பந்தைக் கொடுத்துப் பார்த்தோம், தூக்கிப் போட்டுவிட்டார். சிறு பிள்ளை மாதிரி நடத்துகிறோம் என்று கோபம்.

சாயங்காலம் நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆயி, என்ன அது" என்றார். வார்த்தை குழறினாலும் எனக்குப் புரிந்தது. அவர் கைக்குக் கீழே தலையணையை வைத்து, போனைக் கொடுத்து, வலது ஆள்காட்டி விரலை எடுத்துத் திரைமேல் வைத்தேன்.

விரல் அசைந்தது. காசு விழவில்லை.

மறுபடி அசைந்தது. விழவில்லை. என் விரல் பட்டால் விழுகிறது. அவர் முகம் வாடிவிட்டது, தன் விரல்தான் அசையவில்லை என்று நினைத்துவிட்டார். அசைந்தது அப்பா, அசைந்தது, நான் பார்த்தேன் என்று கத்தியே விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. ரேஷன் கடையிலும் அவருக்குக் கைரேகை விழாது. மண்வெட்டி பிடித்துக் காய்த்து, காய்ந்துபோன தோல். ஈரம் இல்லாத தோலைத் திரை உணர்வதில்லை. துண்டை நனைத்து விரல் நுனியை ஒற்றி எடுத்தேன்.

விழுந்தது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

பதினேழு.

04.07.2024

22.

05.07.2024

19. சளி இருக்கிறது.

09.07.2024

படுத்திருக்கிற மனுஷன் கையில் போனைக் கொடுப்பதா என்று அத்தை கேட்டுவிட்டுப் போனார். அம்மாவும் அவரோடு சேர்ந்துகொண்டாள். நான் பேசவில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஒரு துண்டு, ஒரு போன். இதில் என்ன தப்பு இருக்கிறது? அவர்கள் போன பிறகு அப்பாவே கிண்ணத்தைக் காட்டினார்.

41.

16.07.2024

அந்த ஆளுக்கு எழுபது வயதாகிவிட்டது. மாடி வீடு, கடை, எல்லாம் இருக்கிறது. எழுபதோடு வயது நின்றுவிடும், வருமானமும் குறைந்துவிடும். மறுபிறவிப் பொத்தான் மின்னத் தொடங்கும். அதை அழுத்தினால் எல்லாம் போய்க் குழந்தையாகப் பிறப்பான். ஆனால் அடுத்த பிறவியில் எல்லாமே பல மடங்கு வேகம்.

"அத்தை, பழசை விட்டாதான் வேகமா ஏறும். எல்லாரும் அப்படித்தான் விளையாடுவாங்க" என்கிறான் பையன்.

தெரியும். விளையாட்டே அதற்காகத்தான் இருக்கிறது. நான் அழுத்த மாட்டேன். அப்பாவுக்கு எழுபத்தொன்று. அந்தப் பொத்தான் மின்னும் மூலையை விரலால் மறைத்துக்கொண்டுதான் காசு எடுக்கிறேன்.

17.07.2024

ஆடி ஒன்று. கர்நாடகத்தில் மழை. கபினியிலிருந்து தண்ணீர் விடுகிறார்களாம். அப்பாவிடம் இப்போது சொல்லலாமா, வேண்டாமா?

21.07.2024

சொல்லிவிட்டேன். காலையும் மாலையும் மட்டம் கேட்கிறார். அடிக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கட்டில் காலில் ஒட்டியிருக்கிறேன். ஒரு பக்கம் மேட்டூர், ஒரு பக்கம் விரல்.

27.07.2024

நூறு அடியைத் தாண்டிவிட்டது! விரல் 96. இன்னும் நாலே நாலு என்று பையன் அவரைக் கெஞ்சினான். அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் போகிறது, ஆனால் சிரிப்பு அவருடையதுதான்.

28.07.2024, ஞாயிறு

மேட்டூர் திறந்தாயிற்று. தம்பி வெடி வாங்கி வரவா என்றான். அம்மா அழுதாள்.

30.07.2024

120 அடி. அணை நிரம்பியது.

அதே நாளில் வயநாட்டில் மலை சரிந்து ஊர்களே புதைந்துவிட்டன. முண்டக்கை, சூரல்மலை. நள்ளிரவில், தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல். கபினி பிறப்பதும் அந்த மாவட்டத்தில்தான். இத்தனை நாள் மழை மழை என்று நான் கேட்டுக்கொண்டிருந்தது இந்த மழையைத்தானா? டிவியை அணைக்கச் சொன்னேன். அப்பா வேண்டாம், இருக்கட்டும் என்று கையசைத்தார். கடைசிவரை பார்த்தார். இன்று இரண்டு பேரும் போனைத் தொடவில்லை. நான்கு மணிப் புரட்டல் மட்டும் பதினைந்து நிமிஷம் தாமதமாகிவிட்டது. பெட்டி நிரம்பிக் கிடக்கிறது, எடுக்கவில்லை.

31.07.2024

கல்லணையும் திறந்தார்கள்.

02.08.2024

கொள்ளிடத்தில் லட்சம் கன அடிக்கு மேல் போகிறது, நேராகக் கடலுக்கு. எங்கள் வாய்க்காலில் காய்ந்த ஆகாயத்தாமரை. கடைமடை என்றால் கடைசியில்தான் வரும், எனக்கும் தெரியும். ஆனால் டிவியில் கரை புரளும் தண்ணீரைக் காட்டிக்கொண்டே இருக்கும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி வாய்க்காலைப் பார்க்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

தூர் வாரியிருந்தால் இரண்டு நாள் முன்பே வந்திருக்கும் என்கிறான் தம்பி.

03.08.2024, சனி

ஆடிப்பெருக்கு. பாமணி ஆற்றுப் படித்துறையில் மணல்தான். அம்மா அடிபம்பு அருகே கோலம் போட்டு, காதோலை கருகமணி, மஞ்சள், பழம் எல்லாம் வைத்துக் கும்பிட்டாள். சித்திரான்னம் மூன்று வகை. எலுமிச்சைச் சாதம் அப்பா தானாகவே சாப்பிட்டார், இடது கையால். புது மஞ்சள் கயிறு கட்டும்போது அம்மா கழுத்தை அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

04.08.2024

அப்பா அழுத்திவிட்டார்.

நான் துண்டு நனைக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் திரையில் குடிசை, உள்ளே தொட்டில். மாடி வீடு இல்லை. ஏழு வாரம். வேண்டுமென்றே அழுத்தினாரா, விரல் நழுவியதா? கேட்டேன். "மின்னிச்சு" என்றார், அவ்வளவுதான். நான் கிண்ணத்தோடு அடுப்படிக்குப் போய் நின்றுவிட்டேன். கை நடுங்கியது. ஒரு விளையாட்டுதானே என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது.

திரும்பி வந்தபோது அவர் தட்டிக்கொண்டிருந்தார். அந்த மூலை முன்னைவிட மேலே, எட்டாத இடத்தில் இருந்தது. அவ்வளவு தூரம் அவர் விரல் போயிருக்கிறது.

130.

06.08.2024

பெரிய ஆற்றில் நுங்கும் நுரையுமாக வந்துவிட்டதாம். எங்கள் மதகுக்கு இன்னும் வரவில்லை. குறுவை போனது போனதுதான், இனி ஒரு போகம் சம்பாதான். பொன்மணி விதை பரணில் இருக்கிறது. ஊற வைக்கலாமா என்று தம்பி கட்டிலருகே வந்து நின்று கேட்டான்.

அப்பா வலது கையில் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு மூட்டை ஊற வைக்கச் சொல்கிறாரா, இரண்டு நாள் பொறுக்கச் சொல்கிறாரா என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.