லேசான வேலை

தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து, கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணுக்கு வேலைக்காகக் கொடுத்த துண்டுச் சீட்டில் நான் எழுதியது கிளினிக் கடிதத்தில் இருந்ததுதான்: "லேசான வேலை மட்டும். வெயில், மண் ஆகாது." என் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை. அப்படியும் அவர் கேட்ட கேள்வி மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

"ஐயா, வெயிலும் மண்ணும் படாத வேலை நம்ம தோட்டத்துல எது?"

ஸ்டோர் என்றேன். தேயிலைத் தூசிக்கு இருமல் நிற்காது என்றார். புள்ளக்காம்பரா, அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம் என்றேன். "இருமுற புள்ளைங்க பக்கம் போகாதன்னு நீங்கதானே சொன்னீங்க?" சொன்னேன்தான். எலும்பு மஜ்ஜை மாற்றியவர்களுக்குச் சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன்கூட அநேகமாகப் போய்விடும். மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

அவருக்குத் தம்பியின் எலும்பு மஜ்ஜை ஏற்றி மூன்று வருசமாகிறது. இரத்தப் புற்று திரும்பவில்லை, ரிப்போர்ட் சுத்தம். ஆனால் தம்பியின் அணுக்கள் அக்காவின் உடம்பை இன்னும் வேற்றுடம்பாகவே பார்க்கின்றன. கண் வறண்டு எரிகிறது, தோல் இறுகுகிறது. வாய்ப்புண்ணால் சம்பலைத் தொட முடியாது. ரொட்டியைப் பிளேன்டீயில் ஊறவைத்துத்தான் விழுங்குகிறார். வெயில் பட்டால் இதெல்லாம் கூடும். உக்கிய இலையிலும் மண்ணிலும் உள்ள பூஞ்சை நெஞ்சுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. இவ்வளவும் தெரிந்துகொண்டு தேயிலை மலைக்கு அனுப்ப எந்த மருந்துக்காரனுக்குக் கை வரும்?

சரி, மலைக்குப் போகாவிட்டால் எங்கே இருப்பார்? லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். ஈரம் ஊறிய சுவர், விறகுப் புகை. "புகை ஆகாது, பூஞ்சை பிடித்த சுவர் ஆகாது" என்று நான் எழுதவில்லையே. எழுதினால் யாரிடம் கொடுப்பது?

"அரைப் பேராவது, அரைநாள் வேலையாவது போடச் சொல்லி எழுதுங்கய்யா," என்றார், கண் சொட்டு மருந்துக் குப்பியை லேஞ்சிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே. "வீட்டுல இன்னும் என்னைய நோயாளியாவே வச்சிருக்காங்க." மறுத்தேன். அவருடைய நெஞ்சைக் காப்பாற்றினேனா, என் கையெழுத்தையா? இரண்டையும்தான். அதில் தப்பென்ன என்று சில நாள் தோன்றும், சில நாள் தோன்றாது.

துண்டோடு ஆபீசுக்குப் போனார். லேசான வேலை கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஞாயிறு காலையில், எடை பார்த்துத் தரும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார். அதற்கு என் துண்டு வேண்டியதில்லை. போய்வந்தால் மறுநாள் முழுக்கப் படுக்கைதானாம். மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து தன் காசில் வாங்கியது என்று சொல்வதற்கென்றே ஒரு நாள் டிஸ்பென்சரிக்கு வந்தார். திட்டத்தான் நினைத்தேன். மாஸ்க் போடுங்க, நீளக்கைச் சட்டை போடுங்க, வெயில் ஏறுமுன் இறங்கிடுங்க என்றேன்.

அதையும் துண்டில் எழுதித் தரச் சொல்கிறார்.