அறுபது பெயர், ஒரே வாய்க்கால்

தலைஞாயிறு பக்கம் நஞ்சை, பட்டுக்கோட்டை பக்கம் ஒரு தென்னந்தோப்பு. ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமான இந்த நிலங்களின் கணக்கைச் சில வருடங்கள் நான் பார்த்தேன். வருகிற குத்தகையில்தான் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை.

பதிவேட்டில் அறுபது சொச்சம் குத்தகைதாரர்கள். ஒருவர் பாக்கி வைத்தாலும் மற்றவர்கள் இருக்கிறார்கள் என்று நிர்வாகக் குழுவுக்குத் தெம்பு. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கலையும் ரசீதின் அடிக்கட்டையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அந்தத் தெம்பு நிற்காது. பல பெயர்களுக்கு ஒரே ஆள் பணம் கட்டியிருப்பார், ஒரே கோணல் கையெழுத்து. பெயர் தாத்தாவுடையது, பேரன் திருப்பூரில், உழுவது உள்குத்தகைக்கு எடுத்தவர். அவருக்கு ஒரு வெள்ளாமை போனால் பத்து பெயரின் குத்தகையும் நின்றுவிடும்.

ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. நினைத்தபடி ஆளை வெளியேற்றக் கூடாது என்பதற்காகவே 1955-ஆம் வருடக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வருவாய் நீதிமன்றத்துக்குப் போனாலும் நிலுவையைக் கட்ட அவகாசம் தரலாம். அந்தக் காலத்தில் மிராசுதார்கள் நினைத்தபோது ஆளை விரட்டியதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆளை விடப் பெரிய ரிஸ்க் தண்ணீர். நஞ்சை முழுக்க, காவிரியின் கிளையான வெண்ணாற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. நிலத்தடி நீர் உப்பு, ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டும் பயனில்லை. ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூரை 2016-இல் செப்டம்பர் 20-இல்தான் திறந்தார்கள். வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. நேரடி விதைப்பு செய்த சம்பா முளைத்துக் கருகியது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. நல்ல குத்தகைதாரர், மோசமான குத்தகைதாரர் என்ற வித்தியாசமே அந்த வருடம் இல்லை.

அப்போது கைகொடுத்தது தோப்புதான். வேறு ஊர், வேறு பயிர், போர் தண்ணீர். சரி, பிரித்து வைத்தது நல்லதாகப் போயிற்று என்றார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, மேற்கே போகிற வழியில் தோப்பையும் சாய்த்தது. தண்ணீர்க் கணக்கில் தனித்தனியாக இருந்த இரண்டு நிலமும் காற்றுக் கணக்கில் ஒன்றுதான். நெல்லாவது அடுத்த போகத்தில் வந்துவிடும்; தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு வருடம்.

அப்புறம் பதிவேட்டில் மூன்று பத்தி சேர்த்தேன்: உண்மையில் உழுபவர் யார், எந்த வாய்க்கால், கடலிலிருந்து எவ்வளவு தூரம். கொஞ்சம் நிலத்தை விற்றுக் கும்பகோணம் பக்கம், மோட்டார் தண்ணீர் உள்ள இடத்தில் வாங்கலாம் என்று குறிப்பும் வைத்தேன். குழுவில் பாதிப் பேர் சம்மதித்தார்கள். நிலத்தை விற்கக் கூடாது என்று அறக்கட்டளைச் சாசனத்தில் இருக்கிறதே என்றார் தலைவர். அது நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டிய விஷயம். வக்கீலிடம் கொடுத்திருக்கிறார்கள், அதுவரை ஒரு வருட உதவித்தொகையை வங்கியில் வைப்பாகப் போட்டு வைக்க மட்டும் தீர்மானமானது.