கனடா ஆற்று மீனுக்குச் செய்த ரப்பர் இரைகளும் அராலிப் பாலமும்

ஸ்மோல்மவுத் பாஸ் என்ற மீனை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் என் தூண்டில் பெட்டியில் கிடக்கிற ரப்பர் இரைகளில் முக்கால்வாசி அந்த மீனுக்கென்றே செய்தவை. காரணம் மச்சான். ஒன்ராறியோவில் கிராண்ட் ஆற்றுப் பக்கம் இருக்கிறான். கோடை வந்தால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று இதைத்தான் பிடிப்பான். பிடித்துப் படமெடுத்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவான். ஊருக்கு வரும்போது அம்மாவுக்குக் கொண்டுவருகிற சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் எனக்கென்று ஒரு பை நிறைய ரப்பர் புழுவும் ரப்பர் மீனும் இருக்கும்.

நான் தூண்டில் போடுகிற இடங்கள் பண்ணைப் பாலம், அராலிப் பாலம், நாவற்குழி, சிலவேளை தொண்டைமானாறு. எங்கும் உப்புத் தண்ணீர்தான். யாழ்ப்பாணத்தில் ஆறு என்று காட்ட இருப்பது வழுக்கையாறு ஒன்று. அதுவும் மாரியில் ஓடி அராலிப் பக்கமாகக் கடல்நீரேரியில் விழும். கோடையில் அதற்குள் மாடு மேயும். அப்படியிருக்க, ஆற்று மீனுக்குச் செய்த இரையை இங்கே போட்டு என்ன பயன்? பயன் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இல்லை. எனக்குப் பிடித்தவை எவை, பையோடு ஒதுக்கி வைத்தவை எவை என்று எழுதி வைக்கிறேன்.

அங்கே அந்த மீனின் முக்கியமான சாப்பாடு க்ரேஃபிஷ். எங்கள் பக்கம் இல்லாத, இறாலுக்கும் சிங்கி இறாலுக்கும் இடைப்பட்ட தோற்றமுள்ள நன்னீர்ப் பிராணி. பயந்தால் வாலை மடக்கி உதைத்துப் பின்பக்கமாகப் பாயும். எங்கள் இறாலும் அதைத்தான் செய்கிறது. பிறகு, பாஸ் நிற்கிற இடம்: ஓட்டம் அடிக்கிற நடு ஆற்றில் அது நிற்பதில்லை. கல்லுக்குப் பின்னால், ஓட்டம் பிரிகிற விளிம்பில் ஒதுங்கி நின்று, ஓட்டம் கொண்டுவருகிறதை எட்டிப் பிடிக்கும். பாலத் தூணுக்கருகில் நிற்கிற கொடுவாவும் அப்படியேதான். எங்கள் கடல்நீரேரியில் வற்றும் பெருக்கும் பெரிதில்லை, ஆழமும் இல்லை. ஆனால் பாலத்தடியில் தண்ணீர் ஒடுங்கிப் போகிற இடத்தில் ஓட்டம் நன்றாகவே தெரியும். ஆற்றுக்காரனின் இரை அந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. ஓட்டம் நின்ற தண்ணீரில் ரப்பரை எறிவது கைக்குப் பயிற்சி, அவ்வளவுதான்.

முதலிடம் ரியூப்புக்கு. சுருட்டின் அளவில், உள்ளே வெறுமையாக, ஒரு முனை மூடி, மறுமுனை கணவாயின் கைகளைப் போலக் கீறிவிடப்பட்ட ரப்பர் குழாய். ஈயத்தலைத் தூண்டிலை உள்ளே தள்ளி, தூண்டிலின் கண்ணை மட்டும் ரப்பரைக் குத்தி வெளியே எடுக்கவேண்டும். தள்ளுவதற்கு முன் ஒரு துளி தேங்காயெண்ணெய் பூசினால் ரப்பர் கிழியாது. இந்த இரையின் அழகு, அது கீழே போகிற விதத்தில் இருக்கிறது. தலைப்பாரம் உள்ளே ஒரு பக்கம் சரிந்து கிடப்பதால் நேராக விழாமல் சுழன்று சுழன்று இறங்கும். தரையைத் தொட்டதும் தடியை ஒரு சாண் உயர்த்தி விட்டால், பயந்த இறால் ஒன்று பின்னால் உதைத்துப் போய் மண்ணில் ஒதுங்குகிற அதே அசைவு. மச்சான் இதை ஆற்றுக் கற்களுக்கிடையில் இழுக்கிறான், நான் பாலத்தூணுக்கும் சாதாளைக்கும் இடையிலுள்ள வெறும் மணல் கீற்றில் இழுக்கிறேன். கொடுவா எடுப்பது பெரும்பாலும் இறங்கும்போதுதான். கையில் ஒரு ‘டொக்’ வரும், அல்லது நூல் ஒன்றுமில்லாமல் தளர்ந்துபோகும். தளர்ந்தாலும் இழுத்துவிட வேண்டும், யோசிக்கக் கூடாது.

இதற்கு மூன்றரை அங்குலம் போதும். நாலரை அங்குல ரியூப்பும் ஒருமுறை வந்தது. பெரிய மீனுக்கு என்றான். எனக்கு அதில் கெளிறுதான் கூடுதலாகக் கிடைத்தது.

ரப்பரின் வடிவத்தைப் பற்றி எல்லாரும் கதைப்பார்கள். என்னைக் கேட்டால் பாதி வேலை ஈயத்தில் இருக்கிறது. ஆற்றில் மச்சான் பாவிப்பது எட்டில் ஒரு அவுன்ஸ், அதாவது மூன்றரை கிராம். ஓட்டம் கடுமையென்றால் கால் அவுன்ஸ், 7 கிராம். சோளகம் அடிக்கிற காலத்தில் பண்ணையில் மூன்றரை கிராமை எறிந்துபாருங்கள், திரும்ப உங்கள் தலைக்கே வரும். இங்கே ரியூப்புக்கு 7 கிராமில் தொடங்கவேண்டும், காற்றைப் பார்த்து 10 வரை போகலாம். அதற்குமேல் போனால் இரை செத்தமீனாகத் தரையில் விழும், சுழலாது.

இந்த ஈயத்தலைகளை நானே வார்க்கிறேன். வேலை செய்வது ரயர் கடையில் என்பதால் ஈயத்துக்குக் குறைவில்லை. வீல் பலன்ஸ் பண்ணும்போது கழற்றிப் போடுகிற பழைய துண்டுகள் ஒரு பால்மாப் பேணி நிறையக் கிடக்கும். அதில் எல்லாம் ஈயமில்லை, துத்தநாகத் துண்டுகளும் கலந்து வரும். பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சூடாக்கினால் பிரிந்துவிடும்: ஈயம் 327 பாகையில் உருகிவிடும், துத்தநாகத்துக்கு 420 வேண்டும். ஆகவே அடுப்பை அளவாக எரித்தால் ஈயம் உருகி நிற்கும்போது மற்றது கட்டியாகவே மேலே மிதக்கும். பழைய கரண்டியால் கோரி எறிந்துவிட்டு, அலுமினிய அச்சில் தூண்டிலை வைத்து மூடி ஊற்றவேண்டியதுதான். வீட்டுக்குப் பின்னால், காற்று முதுகில் படுகிற மாதிரி நின்று ஊற்றுவேன். சமையல் பாத்திரம் எதையும் இதற்குத் தொடக் கூடாது, ஈயம் நஞ்சு. தண்ணீர்த் துளி ஒன்றும் கிட்ட வரக் கூடாது, விழுந்தால் ஈயம் வெடித்துத் தெறிக்கும்.

தானே வார்ப்பதில் இன்னொரு வசதி, தூண்டிலை நானே தெரிவுசெய்யலாம். பாஸுக்கு வருகிற ஈயத்தலைகளில் இருப்பது மெல்லிய கம்பித் தூண்டில். அந்த மீனுக்கு அது சரி. கொடுவா ஒருமுறை தலையை உதறினால் நிமிர்ந்துபோகும். ஆகவே கடலுக்கென்று வருகிற தடித்த 3/0 தூண்டில்தான் வைப்பேன். நூலின் நுனியிலும் இரண்டு முழம் தடித்த தங்கூசி கட்டவேண்டும், கொடுவாவின் செவுள் மூடி மெல்லிய நூலை ஒரே உரசலில் அறுத்துவிடும். சீலாவின் பல்லுக்கு அதுவும் போதாது.

இரண்டாவதாகச் சுருள்வால் கிரப். மூன்று அங்குலம், வெள்ளை, 5 கிராம் தலை. சும்மா எறிந்து ஒரே சீராகச் சுற்றினால் போதும், வால் தன்பாட்டில் ஆடும். தூண்டில் பழகுகிற பெடியளுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். சின்னப் பாரையும் சீலாவும் இதற்கு வராமல் இருந்ததை நான் அதிகம் பார்க்கவில்லை. மாரியில் தொண்டைமானாற்றுத் தடுப்பணைக் கதவுகளைத் திறந்து மழைத் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். அப்போது செல்வச்சந்நிதிக் கோயில் பக்கம் உண்மையிலேயே ஆறுதான் ஓடும். அந்தக் கலங்கல் ஓட்டத்தின் விளிம்பில் வெள்ளைக் கிரப்பை விடுவது எனக்குப் பிடித்தமான வேலை. மச்சான் ஒருமுறை மாரியில் வந்து நின்று பார்த்துவிட்டு, “இது எங்கட ஆறுதான்ரா, முதலைதான் குறைவு” என்றான். கனடாவில் எங்கே முதலை என்று நான் கேட்கவில்லை.

தட்டைவால் ரப்பர் மீன் இரவுக்கு. பாலத்து வெளிச்சம் தண்ணீரில் விழுகிற இடத்தில் இருட்டும் வெளிச்சமும் சந்திக்கிற கோடு ஒன்று தெரியும். கொடுவா இருட்டுப் பக்கம் ஒதுங்கி ஓட்டத்தைப் பார்த்து நிற்கும். நாலு அங்குல ரப்பர் மீனை ஓட்டம் வருகிற பக்கமாக எறிந்து, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போகவிட்டால் அந்தக் கோட்டில்தான் அடிக்கும். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நெட் ரிக்கைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும், ஏனென்றால் அது பேத்தைக் கதை. எங்கள் கடல்நீரேரியில் ரப்பர் இரையின் எதிரி பேத்தை மீன். அதன் வாயில் பல்லெல்லாம் சேர்ந்து கிளிச்சொண்டாக இருக்கும். அடித்தது கூடத் தெரியாது. இரையைத் தூக்கிப் பார்த்தால் வாலில் அரைவட்டமாக, கத்தரிக்கோலால் நறுக்கிய மாதிரி சுத்தமாக ஒரு துண்டு போயிருக்கும். ஒரு பைக்கெற் ஐந்தாறு டொலர் என்று மச்சான் சொல்வான். பேத்தைக் கூட்டம் வந்தால் அது ஒரு பின்னேரத்துக்குக் காணாது. நெட் ரிக் என்பது காளான் வடிவத் தலையில் மாட்டுகிற விரலளவுப் புழு. அமெரிக்காவில் கன்சாஸ் பக்கத்து நெட் கேடி என்பவரின் பெயரில் வந்தது. இதற்கு ‘இஸட்மான்’ செய்கிற புழு மற்ற ரப்பர் மாதிரியில்லை: இழுத்தால் முழ நீளத்துக்கு நீளும், கிழியாது, தண்ணீரில் மிதக்கும். தலை தரையில் இருக்க வால் மேலே எழும்பி நின்று ஆடும். பேத்தை கடித்துக் கடித்துக் களைத்துப்போகும். அதற்காகவே கோடையில், பேத்தை கூடுகிற இடங்களில், இதைத்தான் போடுவேன். மணலையும் கீளியும் கூட இதில் வருவதுண்டு, அம்மாவுக்குச் சந்தோஷம்.

ஆனால் அந்தப் புழுவை மற்ற ரப்பரோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. மச்சான் கடைசியாகக் கொண்டுவந்த பையைத் திறந்தபோது இஸட்மான் புழுவும் ரியூப்பும் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, பச்சையும் மண்ணிறமுமாகத் தொதல் பதத்தில் கிடந்தது. சாதாரண ரப்பர் இரை உண்மையில் ரப்பரே இல்லை, மென்மையாக்குகிற எண்ணெய் கலந்த பீவீசி. 1949இல் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரில் நிக் கிறீம் என்பவர் வீட்டுக் குசினியில் காய்ச்சிப் பார்த்துத் தொடங்கிய சாமான் இது. இஸட்மான் வேறு வகைப் பிளாஸ்ரிக். இரண்டும் தொட்டுக்கொண்டால் அந்த எண்ணெய் மற்றதைக் கரைத்துவிடும். யாழ்ப்பாண வெயிலில் மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்தால் ஒரு பகலே போதும். வந்த பைக்கெற்றிலேயே வைத்து, அந்தப் பைக்கெற்றுகளை ஒரு பேணிக்குள் நிமிர்த்தி அடுக்கி, வீட்டுக்குள் நிழலில் வையுங்கள்.

சென்கோ புழுவைப் பற்றி மச்சான் சாமி கும்பிடுகிற குரலில் கதைப்பான். உப்புச் சேர்த்துச் செய்ததால் ஈயமில்லாமலே மெல்ல இறங்கும். நடுவில் தூண்டிலைக் குத்திவிட்டால் இரண்டு முனையும் படபடத்துக்கொண்டு விழும். தெளிந்த ஆற்றுக்கு நல்ல சாமானாகத்தான் இருக்கும். எங்கள் காற்றில் ஈயமில்லாத புழு எங்கே போய் விழுகிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும். விழுந்தாலும் பேத்தை விடாது. மிஞ்சியவற்றை இரணைமடுப் பக்கம் போகிற நண்பனிடம் விராலுக்குக் கொடுத்துவிட்டேன்.

நிறத்தில் ஆற்றுக்காரருக்குப் பச்சைப்பூசணி நிறம்தான் வேதம், க்ரேஃபிஷின் நிறம் அது. இங்கே தெளிந்த காலத்தில் அது சாதாளை நிறத்தோடு ஒத்துப்போவதால் மோசமில்லை. மாரியில் தண்ணீர் தேத்தண்ணி நிறமாகிவிட்டால் வெள்ளை, அல்லது எலுமிச்சை மஞ்சள். இதை எனக்குச் சொன்னது மச்சான் இல்லை, அராலியில் வீச்சுவலையோடு நிற்கிற ஒரு ஐயா. முதலில் “தம்பி, உந்த ரப்பரைத் தின்னுறதுக்கு மீனுக்கென்ன விசரே?” என்று கேட்டவர். ஒருநாள் என் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “கலங்கல் தண்ணிக்கு உந்த வெள்ளையைப் போடு, நெத்தலியெண்டு நினைக்கும்” என்றார். பாஸ் பிடிக்கிறவர்களின் வீடியோ பலதைப் பார்த்தும் எனக்குப் பிடிபடாதது அவருக்கு ஒரு வெற்றிலைப் போயிலையோடு வந்தது.

பண்ணையில் எறிகிறவர்களுக்கு ஒன்று: சிறகுவலைக் கம்புகளுக்கு அருகில் போடாதீர்கள். மீன் அங்கே நிற்கும், தெரியும். ஆனால் வலை இன்னொருவருடைய சோறு, நம் தூண்டில் மாட்டினால் கிழியும். கிழிந்த ரப்பரையும் தண்ணீரில் எறியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

மச்சானைப் போல் பிடித்ததைத் திரும்ப விடுகிற பழக்கம் என் வீட்டில் செல்லாது. கொடுவா முதலில் ஆணாக இருந்து வளர்ந்தபின் பெண்ணாகிற மீன், பெரியதுகள்தான் முட்டை போடுகிறதுகள் என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். “விட்டிட்டு வாறதெண்டால் ஏன் போறாய், வீட்டில இரன்” என்றா. இப்போது ஒரு ஒப்பந்தம் இருக்கிறது: சட்டிக்குள் அடங்குகிறது வீட்டுக்கு, அடங்காதது கடலுக்கு. அம்மா பெரிய சட்டி வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறா.

மச்சான் இதை வாசிப்பான் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். அடுத்தமுறை சென்கோ வேண்டாம். மூன்றரை அங்குல ரியூப், பச்சைப்பூசணி நிறத்தில் இரண்டு பைக்கெற், வெள்ளையில் இரண்டு. மூன்று அங்குலக் கிரப் வெள்ளை, எவ்வளவு இடமிருக்கோ அவ்வளவு. இஸட்மான் புழுவைத் தனிப் பையில் கட்டு, மச்சான், சவர்க்காரத்துக்குப் பக்கத்திலும் வைக்காதே. போனமுறை வந்த கிரப்பெல்லாம் இன்னும் லக்ஸ் மணக்குது.